வலப்பக்கச் சில்லு

வியாழக்கிழமை பின்னேரம் கிறிகோரி வந்தபோது, குகனேஸ்வரி வேலைக்குப் போய்வந்த உடுப்போடு கராஜ் வாசலில் நின்றாள். அவன் உள்ளே போய்த் தன்னுடைய பிக்கப்பை இரண்டு தரம் சுற்றி வந்தான். ஐந்து மாதத் தூசி அதன் மேல் படிந்திருந்தது. பொனற்றில் பூனை படுத்தெழும்பிய தடம். முன்பக்கத்தில் இடது தோள் உயர்ந்தும் வலது தோள் தாழ்ந்தும் வண்டி கோணிக்கொண்டு நின்றது. இந்த வகைப் பிக்கப்புகளுக்கு மூக்கு எப்போதும் கொஞ்சம் பதிவாகத்தான் இருக்கும். பின்னுக்குச் சுமை ஏற்றினால் சமநிலைக்கு வரட்டும் என்று அப்படிச் செய்து விடுகிறார்கள். மிசில்மேரிப் பக்கத்து மலைச்சரிவில் கிறிகோரி குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்துக்குப் போகிற பாதையில் அந்தப் பதிந்த மூக்கு கல்லுக் கல்லாய் முட்டியது. அதனால்தான் லெவலிங் கிற் ஒன்றை எடுப்பித்து, கராஜ் நடத்துகிற குகனேஸ்வரியின் புருஷன் விக்னராஜாவிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தான். இரண்டு கறுத்த இரும்பு வட்டுகள். முன் ஸ்பிரிங்குகளின் தலையில் பக்கத்துக்கொன்றாய்ப் பூட்டினால் மூக்கு இரண்டங்குலம் எழும்பும். ஒரு வட்டு இடப்பக்கத்தில் பூட்டியாயிற்று. மற்றது பெட்டிக்குள்ளேயே மேசையில் கிடந்தது.

“அக்கா, குறை நினைக்கக் கூடாது. தோடம்பழம் புடுங்கத் தொடங்கியிட்டம். மச்சானின்ரை வானைக் கேட்டுக் கேட்டு எனக்கே வெக்கமாய்க் கிடக்கு. திங்கக்கிழமை இழுவை வண்டியை வரச் சொல்லியிருக்கிறன். வேறை இடத்திலை குடுத்து மற்றப் பக்கத்தைச் செய்விக்கிறன்.”

“எத்தினை மணிக்கு?”

“ஒன்பதுக்கு.”

“இழுவை வண்டி வேண்டாம். நீர் தனிய வாரும். ஓடிக்கொண்டு போகலாம்.”

கிறிகோரி மேலே பார்த்தான். கராஜுக்கு மேல்தான் அவர்களுடைய வீடு. “அண்ணை இறங்கி வாறாரே?”

“அவர் இல்லை. நான் செய்யிறன்.”

அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. “அக்கா, இது பிறேக்கும் ஸ்டியரிங்கும் சேர்ந்து கிடக்கிற இடம். நான் மலையிலை ஓடுற ஆள்.”

“தெரியும். செய்து முடிச்சாப்பிறகு கொண்டுபோய் ஒரு ஒபிச்சீனாவிலை, பெரிய கராஜிலை, ஒவ்வொரு நட்டையும் பாக்கச் சொல்லும். அவங்கள் பிழை எண்டு சொன்னா அங்கையே விட்டுட்டு வாரும். நான் ஒண்டும் சொல்லன். ஆனா இஞ்சையிருந்து அது கொக்கியிலை தொங்கிக்கொண்டு போகக் கூடாது.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. துறைமுகப் பக்கத்துப் போர்கோ வெக்கியோவின் அந்த ஒடுங்கிய சந்திலிருந்து விக்னராஜாவை எப்படி வெளியே கொண்டுபோனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சந்தை நெரிசலில் அம்புலன்ஸ் உள்ளே வர இடமில்லாமல், மீன் தட்டுகளையும் ஸ்கூட்டர்களையும் விலக்கிவிட்டு, ஸ்ட்ரெச்சரைச் சந்தின் முழு நீளத்துக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்கள் பல்கணிகளில் நின்று பார்த்தார்கள். அது ஒரு சனிக்கிழமைக் காலை. முதல்நாள் இடப்பக்கத்தை முடித்து வண்டியை இறக்கி வைத்துவிட்டு, அன்று வலப்பக்கச் சில்லின் ஆறு நட்டுகளில் இரண்டை இளக்கியிருந்தார். மூன்றாவதில் ஸ்பனரைக் கொழுவியபடியே சரிந்து கிடந்தார் என்று எதிர்வீட்டு கத்தரீனா சொன்னாள். குகனேஸ்வரி அப்போது கால்சாவில், தான் வேலைக்குப் போகிற சின்யோராவின் வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாரிசவாதம் வலக் கையையும் வலக் காலையும் பிடித்தது. காலில் பாதி திரும்பி வந்தது. கையில் அவ்வளவாக இல்லை. ஆனால் அவரை வீழ்த்தியது பேச்சுத்தான். சொற்கள் எல்லாம் உள்ளே இருந்தன, வெளியே வரும்போது இடம் மாறி வந்தன. ஒருநாள் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் தண்ணீர் கேட்க நினைத்து “சப்பாத்துத் தா” என்றார். வந்தவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் அவர்களையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். அன்றோடு வாயை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்குகிற பெண்ணிடம் இரண்டு தரம் போனார், மூன்றாவது தரம் கட்டிலை விட்டு எழும்ப மாட்டேன் என்று கையை ஆட்டினார். இருபத்திரண்டு படி இறங்கினால் கராஜ். அந்தப் படிகளை மட்டும் அவர் ஒருநாளும் இறங்கவில்லை. ரொறினோவில் இருக்கிற மகள் ஆரணி ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து, “அப்பாவை றெஸ்ற் எடுக்க விடுங்கோ அம்மா,” என்றாள். றெஸ்ற் எடுக்கிற ஆளின் முகம் அப்படி இருக்காது என்று குகனேஸ்வரிக்குத் தெரியும்.

சனிக்கிழமை முழுக்க பற்றரி சார்ஜரில் கிடந்தது. ஞாயிறு காலை அவருக்குத் தேத்தண்ணியும் பாணும் வைத்துவிட்டு, தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் கீழே இறங்கினாள். பயமில்லாமல் இல்லை. பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு லைற் பிடித்தவள், மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவிக் கொடுத்தவள், பதினேழு என்றால் பதினேழாம் நம்பர் ஸ்பனரைப் பாராமலே எடுத்து நீட்டக் கூடியவள். ஆனால் லைற் பிடிக்கிற கை வேறு, ஸ்பனர் பிடிக்கிற கை வேறு. அவளுக்கு இருந்த துணிவு ஒன்றே ஒன்றுதான். செய்து முடித்த பக்கம் ஒன்று அங்கே இருந்தது. அவரே செய்தது. அதைப் பார்த்துப் பார்த்து மற்றதைச் செய்யலாம்.

முதலில் இடப்பக்கத்தை எல்லாக் கோணத்திலும் போனில் படம் எடுத்தாள். பிறகு வண்டியை ஜக்கில் உயர்த்தி, சட்டத்துக்குக் கீழே இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, தோளால் இடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. இளகியிருந்த இரண்டு நட்டுகளைக் கையாலேயே கழற்றினாள். மிச்ச நாலும் துருப்பிடித்துக் கிடந்தன. சில்லு சுழலாமல் அதன் கீழே கட்டையொன்றை இறுக்கிச் செருகிவிட்டு, ஸ்பனரின் மேல் காலை வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தாள். ஒவ்வொன்றும் கீச்சென்று அழுதுதான் விட்டது. சில்லைக் கழற்றி உருட்டிச் சுவரில் சாத்தியபோது முழங்கை வரை கறுத்திருந்தது. உள்ளே ஸ்பிரிங், அதற்கு நடுவில் ஷொக், சில்லைத் தாங்குகிற பெரிய இரும்புத் துண்டு, அதை மேல் கை என்கிற இரும்புத் தண்டோடு சேர்க்கிற மூட்டு. மூட்டு கழன்றால்தான் ஸ்பிரிங் வெளியே வரும். மூட்டின் நட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டாள். மூட்டு அசையவில்லை. சுத்தியலை எடுத்து அடித்தாள். பிறகும் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்து அமைதியாய்க் கிடந்தது. எங்கோ வெங்காயம் வதங்குகிற மணம் வந்தது. கத்தரீனா பல்கணியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். குகனேஸ்வரி அடித்துக்கொண்டேயிருந்தாள்.

ஊன்றுபொல்லு தட்டுகிற சத்தம் படியில் கேட்டபோது அவள் நிறுத்தினாள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் நீண்ட நேரம். போய்ப் பிடிக்க வேண்டும் என்று கால் எழும்பியது, ஆனால் போகவில்லை. போனால் திரும்பிவிடுவார் என்று தோன்றியது. இருபத்திரண்டு படியையும் எண்ணினாள்.

விக்னராஜா வாசலில் வந்து நின்றபோது நெற்றி வேர்த்திருந்தது. முகத்தில் கோபம். ஐந்து மாதத்தில் அவர் முகத்தில் அவள் பார்த்த முதல் கோபம் அது. நேரே வந்து இடக் கையால் சுத்தியலைப் பறித்தார். அவள் அடித்துக்கொண்டிருந்த மூட்டின் நுனியைக் காட்டித் தலையை ஆட்டினார். பிறகு மூட்டு செருகியிருந்த பெரிய இரும்பின் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, இங்கே என்பதுபோலப் பார்த்தார். நுனியில் அடித்தால் மரை நசியும், பக்கத்தில் அடித்தால் பிடி விடும். மேலே கட்டிலில் கிடந்தபடியே சத்தத்தைக் கேட்டு அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

“இஞ்சையோ?” என்று கேட்டாள். தலையாட்டினார்.

மூன்றாவது அடியில் மூட்டு டக்கென்று விட்டது. அதே கணத்தில் அந்தப் பெரிய இரும்பு வெளிப்பக்கமாய்ச் சரியத் தொடங்கியது.

“பிள்ளை,” என்றார் விக்னராஜா. குரல் கரகரத்து வந்தது. “பிள்ளை விழுது. பிள்ளையைப் பிடி.”

அவளுக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. பிறகு முழங்காலைக் கொடுத்து இரும்பைத் தாங்கினாள். அதோடு சேர்ந்து வந்த பிறேக் குழாய் வயலின் நரம்புபோல இழுபட்டு நின்றது. இன்னும் நாலு விரல் சரிந்திருந்தால் அறுந்திருக்கும். அவர் சுவரில் தொங்கிய உடுப்புக் காயப்போடுகிற கயிற்றை இழுத்து அவளுடைய தோளில் போட்டார். இரும்பைச் சட்டத்தோடு சேர்த்து மூன்று சுற்றுக் கட்டினாள். நட்டை முழுதாய்க் கழற்றியது பிழை. இரண்டு மரையில் விட்டிருந்தால் அது விழுந்திருக்காது. இதை அவர் விரலால் காட்டிச் சொன்னார். அவள் சட்டைப் பைக்குள்ளிருந்து நட்டை எடுத்துக் காட்டியதும் கண்ணை மூடித் திறந்தார்.

அதன் பிறகு அவர் மேலே போகவில்லை. கதிரையை இழுத்துச் சில்லு இருந்த இடத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். பேசவும் செய்தார். ஸ்பனருக்குக் கரண்டி என்றார், கிறீஸுக்குத் தயிர் என்றார். அவள் திருத்தவில்லை. தயிரைப் பூசு என்றால் கிறீஸைப் பூசினாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தாள். எண்கள் மட்டும் மாறவில்லை. “பத்தொன்பது” என்றால் பத்தொன்பதுதான் பொருந்தியது. “பதினாலு” என்றால் பதினாலு. சொற்கள் எல்லாம் கலைந்து கிடந்த அந்த வீட்டில் எண்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கின்றன. ஐந்து மாதமாய் அவளும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை.

மேல் நட்டுகள் மூன்றும், கீழ்ப் போல்ட்டும் கழன்றன. ஸ்பிரிங்கை ஷொக்கோடு சேர்த்துத் தூக்கி மேசையில் வைத்து, அதன் தலையில் கறுத்த வட்டைப் பொருத்தி இறுக்கினாள். திரும்பக் கொண்டுபோய் மாட்டியபோதுதான் வினை. வட்டின் உயரத்தால் அது நீண்டுவிட்டது. கீழ்த் துளைக்கும் போல்ட் போகவேண்டிய இடத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கீழ்க் கை என்கிற தண்டை அழுத்தினால்தான் நேர்ப்படும். அழுத்த ஒரு ஆள் வேண்டும், போல்ட்டைச் செருக ஒரு ஆள் வேண்டும். அவர் நீளமான இரும்பு அலவாங்கைக் காட்டினார். அதைக் கீழ்க் கையில் கொழுவி, மறு நுனியில் இடக் கையை ஊன்றி, பிறகு அதுவும் போதாமல் நெஞ்சைக் கொடுத்துச் சாய்ந்தார். “இப்ப,” என்றார். முதல் தரம் துளை தாண்டிப் போனது. இரண்டாம் தரம் அலவாங்கு வழுக்கி அவர் கதிரையோடு சரியப் பார்த்தார். அவள் பிடித்தாள். போதும் என்று சொல்ல வாய் எடுத்தவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, போல்ட்டைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு கீழே குனிந்தாள். மூன்றாம் தரம் துளைக்குள் வெளிச்சம் தெரிந்தது. போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

மூட்டை மேலே சேர்த்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது, அவருடைய முகத்தைப் பார்க்காமல் இருக்க முடிகிற அந்த இடத்திலிருந்து, அவள் அதைச் சொன்னாள்.

“நீங்கள் விழுந்த அண்டைக்குக் காலமை உங்கடை கையிலையிருந்து கோப்பை விழுந்தது. நான் பேசினன். பாத்துப் பிடிக்கத் தெரியாதோ எண்டு கேட்டுட்டு வேலைக்குப் போனன். இரண்டாந்தரமும் விழுந்ததைக் கண்டனான். கண்டும் போனன்.”

லைற் அவருடைய இடக் கையில் இருந்தது. அது கொஞ்சம் ஆடி, பிறகு நட்டின் மேல் வந்து நின்றது.

“இறுக்கு,” என்றார்.

அவள் இறுக்கினாள்.

“இன்னும்.”

கீழ்ப் போல்ட்டை மட்டும் இறுக்க விடவில்லை. “கீழை, கீழை,” என்று தரையைக் காட்டினார். சில்லைப் பூட்டி, வண்டியை இறக்கி, அது தன் பாரத்தில் நின்ற பிறகுதான் அதை இறுக்க வேண்டுமாம். அப்படியே செய்தாள். சில்லின் ஆறு நட்டுகளையும் எதிரும் புதிருமாய் இறுக்குவித்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து இரண்டு பக்கமும் சில்லின் நடுவிலிருந்து மட்காட் வரை பிடித்தாள். இடது ஐம்பத்தைந்து சென்ரிமீற்றர். வலது ஐம்பத்தாறரை. மறுபடியும் பிடித்தாள். அதேதான். எங்கே பிழை விட்டேன் என்று பூட்டிய நட்டுகளை ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தாள். விக்னராஜா நாடாவைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், பயப்படவில்லை.

“ஒண்டரை,” என்றார். “ஓடு.”

“எங்கை ஓடுறது?”

அவர் வண்டியின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து ஏறினார். ஓடி ஓடித்தான் புதுசாய்ப் பூட்டிய ஸ்பிரிங் அமுங்கித் தன் இடத்துக்கு வரும் என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது. லைசென்ஸ் இருந்தது. ஆனால் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அவள் ஓட்டியது சின்யோராவின் சின்னக் காரை, அதற்குக் கியரே மாற்றத் தேவையில்லை. இந்தப் பிக்கப்பின் கியர்த் தண்டு தடியாய், கட்டைபோல, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் நின்றது. திறப்பைத் திருப்பினாள். இரண்டு தரம் இருமிவிட்டு இஞ்சின் எழும்பியது. கராஜ் முழுக்கப் புகை. கியரில் கையை வைத்தவள் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நின்றாள்.

அவருடைய இடக் கை வந்து அவளுடைய கையைத் தண்டிலிருந்து எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தது. பிறகு தண்டைத் தான் பிடித்துக்கொண்டது.

“கிளச்,” என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதித்தாள். தண்டு முன்னுக்குப் போனது. காலை மெல்ல எடுத்தாள். வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி வாசலைத் தாண்டி வெளியே வந்தது. பின்னேர வெயில் கண்ணில் அடித்தது. ஒரு பல்கணியில் மேசைவிரிப்பை உதறிக்கொண்டிருந்தவள் உதறுவதை நிறுத்தினாள். யாரோ ஒரு ஸ்கூட்டரை இழுத்துச் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். சில்லுகளின் நேர் இன்னும் பார்க்கப்படாததால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் கோணிப் பிடித்தால்தான் வண்டி நேரே போனது. அவள் அப்படியே கோணிப் பிடித்துக்கொண்டாள்.

சந்து முடிந்து பெரிய றோட்டு தெரிந்தது. துறைமுகப் பக்கமிருந்து பஸ் ஒன்று கடந்து போனது. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

“இரண்டு,” என்றார் விக்னராஜா.

அவள் கிளச்சை மிதித்தபடி காத்திருந்தாள். கண் றோட்டில் இருந்தது. தண்டின் மேலிருந்த கை, நக இடுக்குகளில் கறுப்பேறியிருந்த அந்தக் கை, பின்னுக்கு இழுபடத் தொடங்கியது.