சுகுமாரியின் ஞாயிற்றுக்கிழமை விரதம்

அறுபத்தொன்பதாம் வருஷம் என் அக்கா சுகுமாரி தென்னேரியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திருப்பருத்திக்குன்றத்துக்கு, பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"அடிச்சாரா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

எங்களைப் போன்ற சமண வீடுகளில் இதற்கு மேல் கேட்கக் கேள்வி கிடையாது. "அப்புறம் இன்னாதாம்மா பண்ணாரு?"

"பேசினாரு."

அக்காவின் கணவர் ரிஷபதாஸ் மாமா நன்றாகப் பேசுவார். நான்கு வருஷமாகத் தினமும் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்து, அன்றைக்கு அக்காவுக்கு எங்கெங்கே புத்தி இல்லாமல் போயிற்று என்று குரலை உயர்த்தாமல் விளக்குவார். கடைசியில் அவள், தான் போட்ட உப்பையே நம்பாமல் குழம்பைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டும் நிலைக்கு வந்திருந்தாள்.

இங்கே டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தாள். மாமா ஞாயிறுதோறும் பஸ் பிடித்துச் சமாதானம் பேச வந்தார். அவர் வந்து போனால் அக்காவுக்குப் புதன்கிழமை வரை பாடம் ஏறாது. பரீட்சைக்கு ஐந்தே ஞாயிறுகள் இருந்தன.

மாப்பிள்ளையை வராதே என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. விரதம் என்றால் மட்டும் எல்லாரும் அடங்குவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மௌன விரதம் என்று அக்கா அறிவித்தாள். அப்பா பூரித்துப்போனார்.

விரதத்தில் ஒரு கோளாறு இருந்தது. அது வாய்க்கு மட்டும்தான், காதுக்கு இல்லை. குறுக்கே ஒரு சொல் வராத இப்படி ஒரு சௌகரியம் மாமாவுக்கு இதுவரை வாய்த்ததில்லை. இரண்டரை மணி நேரம் பேசினார். அந்த வாரம் அக்கா புத்தகத்தையே தொடவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் சுகுமாரி, உனக்குப் புத்தி..."

"நிறுத்துங்க" என்றாள் அக்கா.

எதிர்வீட்டுத் தறி நின்றது. இழை அறுந்துபோனதாக அந்த வீட்டு நெசவாளர் சபாபதி பிறகு சொன்னார்.

"விரதத்த முறிச்சுட்டியேம்மா!" என்று அப்பா பதறினார்.

"பிராயச்சித்தம் நான் பண்ணிக்கிறேன்பா." மாமாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க வரலாம். அரை மணி நேரம். மழை, ஏரி, உங்கம்மா ஒடம்பு, எது வேணா பேசுங்க. என் புத்தியப் பத்திப் பேசினா எழுந்து உள்ள போயிடுவேன். அன்னிக்கு அதோட சரி."

"யாரு சொல்லிக் குடுத்தது இத? இவ்ளோ யோசிக்க உனக்கு ஏது புத்தி?"

அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

மாமா நிறுத்தவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பாய்க்குக் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா, காலேஜ்ல படிச்சிக்கினு இருக்கற. நான் சொல்றதுல இன்னா தப்பு?"

"எனக்குப் புத்தி இல்லன்னு எங்க பிரின்சிபாலே எழுதிக் குடுத்திருக்காரு மாமா. வேற யாரையாவது கேளுங்க."

அம்மா கதவைத் தட்டினாள். "மாப்ள பொழுதோட சாப்புட்டுக் கெளம்பணும்டி. வந்து எல போடு. நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"நீ போடும்மா. சாப்புட வேணாம்னு நான் சொல்லலியே."

மாமா சாப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பா ஏதாவது சொல்வாரா என்று பார்த்தார். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன்" என்றார் மாமா, கதவிடம்.

"வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூணு மணிக்கு வந்தா மூணரை."

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.