டூருக்கு ரகுவும் வந்தான்

ஆயுத பூஜைக்கு மறுநாள் மணவாளன் மேஸ்திரியின் ஆட்கள் சைக்கிளில் கரடித்திட்டுக்குப் போவது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. மேஸ்திரி என்றால், கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். வருஷம் முழுக்கக் கசக்கிப் பிழிந்துவிட்டு ஒரு நாள் பிரியாணி போடுவார். அதற்கே அவரைத் தெய்வம் என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். கரடித்திட்டு ஆந்திர எல்லைக்குள், ஒரு பெரிய ஏரியின் நடுவில் நிற்கிற குன்று. ஏரி நிரம்பினால் தீவாகிவிடும், கரை மேல் போட்ட ஒற்றை ரோடுதான் வழி. குன்றைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் ரோடு, உச்சியில் ஒரு பழைய பங்களா, கீழே போட்டிங், மிளகாய் பஜ்ஜிக் கடை. லீவு நாளென்றால் மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். காரில் வருகிறவர்களுக்கு அது வெறும் காட்சி. இரும்பு சைக்கிளை மூச்சு வாங்க மேலே தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் காலை விரித்துக்கொண்டு பறக்கிறவனுக்குத்தான் அது மலை.

அந்த இறக்கத்துக்கு ராஜா ரகு. பிரேக்கைத் தொடவே மாட்டான். அவனும் யேசுதாஸும் ஒரே லைன் வீட்டில் பக்கத்துப் பக்கத்து வாசல், மில்லிலும் ஒரே இடத்தில் கேஸ் கட்டிங். பூஜையன்று சாயங்காலம் மில்லில் ரகு தன் சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை சுற்றினான். வேதக்காரனான யேசுதாஸின் சைக்கிளையும் விடவில்லை. "சாமி உனக்குத்தான் வேற. சைக்கிளுக்கு இன்னா?" என்று மட்கார்டில் ஒரு பொட்டு வைத்தான். பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு யேசுதாஸ் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். ரகு நின்றுவிட்டான். பூஜைக்கு முதலாளி வந்திருந்த நேரம் பார்த்து, கூரை மேல் கட்டியிருந்த சீரியல் செட்டில் பாதி எரியாமல் போயிற்று. அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னான்.

மறுநாள் விடியற்காலை யேசுதாஸ் சைக்கிளை எடுத்தபோது, ரகுவின் மனைவி செண்பகம் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அது ராத்திரி கம்பெனிலயே படுத்துகிச்சாம்ணா. மேஸ்திரி ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சு. அப்டியே டூருக்கு வந்துடுமாம். ராத்திரி எதுனா துன்னுச்சோ இல்லியோ, கேளு."

"கேக்கறேம்மா. மேஸ்திரி செலவுனா அவன் பட்டினியா கெடப்பானா?" என்று சிரித்துவிட்டுப் போனான் யேசுதாஸ்.

மில் வாசலில் அவன் சிரிப்பு நின்றது. கேட் பூட்டியிருந்தது. உள்ளே வெயில் வந்த பிறகும் சீரியல் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன, அணைக்க ஆளில்லை. ஃபர்னஸ் ஷெட்டின் கூரையில் நேற்று இல்லாத ஒரு நீலத் தார்ப்பாய் விரித்துக் கட்டியிருந்தது. ஆட்கள் எல்லாரும் ரோட்டிலேயே சைக்கிளோடு நின்றார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் ஒருத்தன் காலை ஒருத்தன் வாரிக்கொண்டு ரோடே இரண்டுபடும். இன்று எல்லாரும் செயினையும் பெடலையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரகு எங்க கீறான் மேஸ்திரி?"

"முன்னாடி பூட்டான்பா. பிரியாணி வேன்ல. காலு லேசா சுளுக்கிகிச்சு," என்றார் மணவாளன். "அவன் சைக்கிளயும் ஏத்தி அனுப்பிட்டேன். நீ மிதி."

கவரைப்பேட்டையில் திரும்பி சத்தியவேடு ரோட்டைப் பிடித்தார்கள். மணவாளன் தன் மோட்டார் சைக்கிளில் முன்னே போவார், நிற்பார், எல்லாரும் கடந்ததும் பின்னாலிருந்து வருவார். ஆடு மாடு ஓட்டிப் போகிறவன் மாதிரி. யாரும் பாடவில்லை. ஊர் வம்பெல்லாம் பேசுகிற அப்பாவு, அந்தக் கூட்டத்திலேயே மூத்தவன், கடைசியில் தள்ளாடித் தள்ளாடி மிதித்தான். காலையிலேயே சாராய வாடை. யேசுதாஸுக்கு எரிச்சலாக வந்தது. நல்ல நாளும் அதுவுமாக எல்லாருக்கும் என்ன கேடு வந்தது என்று நினைத்தான்.

டீக்கடையில் நின்றபோது கடைக்காரனிடம் கேட்டான்: "பிரியாணி குண்டா வச்ச வேன் ஒண்ணு போச்சா?"

"இருட்டோட ஒண்ணு போச்சு. நான் அடுப்பு கூட பத்த வைக்கல. தெரிஞ்ச வண்டிதான், எப்பவும் நிக்கும். இன்னைக்கு நிக்கல."

இருட்டில் கிளம்பி யாருக்காகப் பிரியாணி கிண்டுவார்கள் என்று யேசுதாஸ் கேட்க நினைத்தான். மணவாளன் பக்கத்தில் வந்து அவன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அந்த ஆள் யாருக்கும் தனியாக டீ வாங்கிக் கொடுத்து அவன் பார்த்ததில்லை. மிச்ச டீயை ரோட்டோரம் ஊற்றிவிட்டு யேசுதாஸ் சைக்கிளை எடுத்தான்.

ஏரிக்கரை ரோடு தொடங்குகிற இடத்தில் வேன் நின்றது. குண்டாக்களை இறக்கி மரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். டிரைவர் வேனின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏரியில் மொள்வான், ஊற்றுவான், மறுபடி மொள்வான். தகரத்தட்டு பளபளவென்று ஆன பிறகும் விடவில்லை. வேனில் சைக்கிளைக் காணோம்.

"ரகு?"

"மேல பூட்டாரு," என்றான் டிரைவர், தலையைத் தூக்காமல்.

கால் சுளுக்கியவன் சைக்கிளில் மலை ஏறிவிட்டானாம். காலையிலிருந்து எந்த இடத்தில் கேட்டாலும் ரகு அடுத்த இடத்துக்குப் போய்விட்டிருந்தான். இனிப் போக உச்சி ஒன்றுதான் பாக்கி.

ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் பாறையும் முள்ளும், கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. யேசுதாஸ் வேகமாகத் தள்ளினான். பின்னாலிருந்து அப்பாவு கூப்பிட்டான்.

"யேசு. ரகுவ தேடாத நைனா."

யேசுதாஸ் நின்றான். அப்பாவு பக்கத்தில் வந்து சைக்கிள் சீட்டின் மேல் கவிழ்ந்துகொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"நேத்து கூரை ஷீட்டு உட்டுகிச்சுபா. நேரா கீழ வந்துட்டான். உசுரு இருந்துச்சு. மேஸ்திரி கேட்ட மூடிட்டாரு. மொதலாளி அப்பதான் கார்ல கெளம்பி மெட்ராஸ் போய்கினு இருந்தாரு, செல்லு கெடைக்கல. அவரு சொல்லாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூடாதுன்ட்டாரு மேஸ்திரி. இவன் செண்பகம் செண்பகம்னு கூப்டுகினே கீறான். நாங்க யாரும் கிட்ட போல. கைவச்சா நம்ம கைலயே பூடுமோன்னு பயம். கொஞ்ச நேரம் கயிச்சு சத்தம் கம்மியாச்சு. அப்புறம் இல்ல. தனியாதான் பூட்டான்."

"நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

"கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன்."

யேசுதாஸுக்கு அவனைச் சைக்கிளோடு தூக்கி ஏரியில் எறிய வேண்டும் போல இருந்தது. கை கூட எழவில்லை. தான் பொரி தின்றுகொண்டு வீட்டில் கால் நீட்டிக் கிடந்த நேரம் அது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

பங்களாவுக்குப் பின்பக்கம், லீவுக்கு வருகிறவர்கள் அதிகம் போகாத வளைவில் மணவாளன் காத்திருந்தார். ஓரத்துக் கல் ஒன்று பெயர்ந்திருந்தது, பெயர்ந்த இடத்தில் மண் புதுசாக இருந்தது. கீழே பாறை இடுக்கில் ரகுவின் சைக்கிள், முன்சக்கரம் கோணி, சாமந்தி மாலையோடு கிடந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி ரகு கிடந்தான்.

யேசுதாஸ் முள்ளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கையைத் தொட்டான். கட்டை மாதிரி விறைத்திருந்தது. காலையில் விழுந்தவன் இப்படி விறைக்கமாட்டான் என்பது ஊரில் சாவு பார்த்த எவனுக்கும் தெரியும். வலது கட்டைவிரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று. ஒயரை ஒட்டுகிறவன் விரலில் முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொள்வானே, அது. பின்னாலேயே இறங்கி வந்த அப்பாவு மண்டியிட்டு, அந்த டேப்பைப் பொறுமையாகப் பிரித்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மேஸ்திரி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். யேசுதாஸ் அப்பாவுவின் சட்டையைப் பிடித்தான். பிடித்த கையை அப்பாவு தட்டக்கூட இல்லை. அழுதுகொண்டிருந்தான்.

"மேல வாபா. பேசணும்," என்றார் மணவாளன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பூட்டவன் பூட்டான். இருக்கிறவன பாக்கணும். கம்பெனில உயுந்தான்னா மில்லுக்கு சீலு வெப்பான், நம்ம எல்லாரும் நடுரோடு. அந்தப் பொண்ணு கேஸு கேஸுன்னு திருவள்ளூர் கோர்ட்டுக்கு நடந்தே கெயவியாயிடுவா. டூர்ல உயுந்தான்னா மொதலாளி தன் கைலருந்து செய்வாரு. அவளுக்குக் கேண்டீன்ல வேல போட்டுத் தர்றேன்னாரு. இது ஆந்திரா லிமிட்டு. இங்கத்த போலீஸுக்கு நம்ம கூரையும் தெரியாது, கேட்டும் தெரியாது."

"அப்ப சொல்லிக்கங்க. என்ன எதுக்குக் கூப்டறீங்க?"

"செண்பகத்துக்கு வண்டி அனுப்பிருக்கேன். புருஷன் எப்டி செத்தான்னு போலீஸ்ல சொல்ல வேண்டியது அவ. நான் சொன்னா நம்பமாட்டா. நீ கூட வந்தேன்னு சொன்னா நம்புவா. நீ பொய் பேசமாட்டன்னு உங்க லைன்லயே எல்லாருக்கும் தெரியும்."

யேசுதாஸ் அவரைப் பார்த்தான். தன்னிடம் இருந்த ஒரே நல்ல பேரையும் இந்த மனுஷன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் அவகிட்ட உள்ளதத்தான் சொல்லுவேன் மேஸ்திரி. ஷீட்டு உட்டத சொல்லுவேன். கேட்ட மூடினத சொல்லுவேன்."

"உனக்கும் ரெண்டு பொண்ணு கீது."

"இருக்கட்டும்."

"நாளைக்கு சிப்காட்ல எந்தக் கேட்லயும் உன்ன உள்ள உடமாட்டான்."

"உடவேணாம்."

மணவாளன் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "போய் சாப்டுங்க, ஆறிடும்," என்றார். சத்தியமாக, சிலர் இறங்கிப் போய்ச் சாப்பிட்டார்கள். யேசுதாஸ் மறுபடி பாறைக்கு இறங்கி, துண்டை எடுத்து ரகுவின் முகத்தில் போட்டு, வெயில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். முதலில் கூரை, அப்புறம் கேட், அப்புறம் வேன். உச்சியில் லீவுக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது, போட்டிங்கில் யாரோ சிரிப்பது கேட்டது. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வாயை அடைக்கிற பயம் இல்லை. அந்த மட்டில் அவன் தன்னை நம்பினான்.

செண்பகத்தை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது. அதன் பின்னாலேயே டி.வி.எஸ். ஃபிப்டியில் ஒரு ஆந்திர போலீஸ்காரர், தொப்பையும் ஒரு எழுதும் அட்டையுமாக. மேஸ்திரி அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தார்.

செண்பகம் ஒப்பாரி வைத்துக்கொண்டு வருவாள் என்று யேசுதாஸ் நினைத்திருந்தான். அவள் சத்தமே இல்லாமல் பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். துண்டை விலக்கிப் பார்த்தாள். ரகுவின் காதோரம் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். அப்புறம் யேசுதாஸின் பக்கம் திரும்பினாள். அவன் கூரை என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"நீ கூடத்தான இருந்தண்ணா?" என்றாள். "எறங்கினதும் மேஸ்திரி சொன்னாரு. வண்டில வர்றப்போ எனக்கு வேற நெனப்பே இல்ல. அது தனியா கெடந்துச்சோ, யாரையாவது கூப்டுச்சோ, ஒரு வாய் தண்ணிக்கு ஏங்குச்சோன்னு அதாண்ணா ஓடிகினே கீது. நீ கூட இருந்தன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

யேசுதாஸின் வாய் திறந்தபடியே இருந்தது. மூடிய கேட்டும், கூப்பிட்டுக்கொண்டே கிடந்தவனும், எட்டி நின்றவர்களும் நாக்கு நுனி வரை வந்து நின்றார்கள். அதைக் கேட்டால் இவள் இனி ஆயுசுக்கும் எப்படித் தூங்குவாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ஒரு மாசம் போகட்டும், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது தப்பு என்றும் அப்போதே தெரிந்தது.

"கடைசியா எதுனா சொல்லுச்சாண்ணா?"

"உன் பேரத்தாம்மா சொன்னான்," என்றான் யேசுதாஸ். அது உண்மை. "செண்பகம்னு கூப்டான். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அது ஒரு சத்தமாக ஏரிமேல் போயிற்று. கீழே போட்டிங் சிரிப்பு நின்றது.

போலீஸ்காரர் பேனா மூடியைக் கழற்றினார்.

"நுவ்வு பக்கத்துலதான இருந்தே? எந்த இடத்துலய்யா விழுந்தான்? காட்டு."

செண்பகம் ரகுவின் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு, ஈரக் கண்ணோடு யேசுதாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். யேசுதாஸ் கையைத் தூக்கி, கல் பெயர்ந்திருந்த வளைவைக் காட்டினான்.