பழைய பாஸ்வேர்ட்

அக்காவின் கணினி காலையிலிருந்து அவளை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டைப் போட்டால் திரை கறுத்து, மறுபடியும் முதல் பக்கத்துக்கே வந்து நின்றது.

"எதையாவது மாத்தினியா?" என்றேன்.

"நான் எதையும் தொடவே இல்லை."

அலுவலகத்தில் கணினிகளைப் பழுது பார்க்கிறவன் நான். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நேற்று ஏறிய அப்டேட்டில்தான் கோளாறு என்று தெரிந்ததும், எரிச்சலோடு எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலைக்குத் திருப்பிவிட்டேன்.

திரையில் நீலக் கோடு மெல்ல நகர்ந்தது. சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே கணினி. அம்மா தைத்த பூப்போட்ட உறையை யார் முதலில் உருவுகிறார்களோ, அவர்களுக்குத்தான் நாற்காலி. எப்போதும் அக்கா முந்திக்கொள்வாள். நான் கதவோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கணினி எழுந்தது. அக்கா போட்ட பாஸ்வேர்டை ஏற்கவில்லை.

"மாத்தினியா இல்லையா?"

"பாஸ்வேர்டை மட்டும்தான். போன வாரம். அதெல்லாம் ஒரு மாத்தமா?"

"அப்ப பழசைப் போடு."

"நீ அந்தப் பக்கம் திரும்பு."

நான் திரும்பவில்லை. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். விரல் போன எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். உம்மணாமூஞ்சி. அவள் மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர்.

கணினி திறந்துகொண்டது.

"இத்தனை வருஷமா இதுதானா? அப்புறம் ஏன் மாத்தின?"

"போன வாரம் நான் பேசிக்கிட்டிருக்கும்போதே போனை வெச்சியே, அன்னைக்குத்தான் மாத்தினேன்."