நாரிஸ் நின்ற கோடி

எங்கள் கம்பெனிக்கு நான்கு ரயில்கள் இருக்கின்றன. ஒரு ஸ்டேஷன்கூடச் சொந்தமில்லை. லண்டனிலிருந்து வடக்கே துறைமுகம் வரை நாங்கள் நிற்கிற பிளாட்பாரமெல்லாம் பெரிய கம்பெனியுடையது. சக்கர நாற்காலியில் யாராவது வந்தால், அந்தந்த ஸ்டேஷன் ஆள்தான் சாய்வுப் பலகையோடு வந்து இறக்கவேண்டும். ஸ்கெல்பியில் அந்த ஆள் நாரிஸ் டப்ளிங். அறுபதை நெருங்கியவர். ஒரு முழங்கால் சரியில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் ரயிலை ஷெட்டிலிருந்து முன்பின்னாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்போதும் முன்னால் இருக்கும் சக்கர நாற்காலிப் பெட்டி பின்கோடிக்குப் போயிற்று. அதில் வின் ஆக்ராய்ட் அம்மா இருந்தார். தங்கையின் எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு ஸ்கெல்பி போகிறவர். அவர் வருவது நாரிஸுக்கு முந்தின நாளே தெரியும். பெட்டி பின்னால் இருக்கிறது என்பதைத்தான் கார்டான நான் போனில் சொல்லவேண்டும். தேநீர் வண்டிப் பெண் அன்று வரவில்லை. நானே எல்லோருக்கும் தேநீர் கொடுத்தேன். நல்ல மனுஷன் என்று நாலு பேர் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தில் போன் செய்ய மறந்தேன்.

ஸ்கெல்பியில் எங்களுக்கு இரண்டு நிமிடம். தாமதித்தால், ஊருக்கு ஊர் நிற்கும் பெரிய கம்பெனி வண்டியை முன்னால் விட்டுவிடுவார்கள். கடைசிவரை அதன் பின்னாலேயே ஊர்ந்து போகவேண்டும். கதவில் நின்று பார்த்தேன். முன்கோடியில், மழையில், பலகையோடு நாரிஸ். என்னைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். நான் கதவைச் சாத்தி, புறப்படச் சொல்லி டிரைவருக்கு இரண்டு மணி அடித்தேன்.

"ஏம்பா, நான் எறங்கற ஊரு போகுதே," என்றார் வின் அம்மா.

"பலகையோட யாரும் வரலம்மா," என்றேன்.

அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பது இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது. அடுத்த ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம். தங்கை வீட்டுக்காரர்கள் காரில் வந்து கூட்டிப்போக, விருந்து முடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தாராம். இறங்குவதற்கு முன், இன்னொருவருக்கு இப்படி நடக்கக்கூடாது, புகார் எழுதவேண்டும் என்று பேனா கேட்டார். கொடுத்தேன். பலகையோடு வரவேண்டிய ஆளின் பெயர் கேட்டார். அதையும் கொடுத்தேன்.

ஞாயிறு தேவாலயத்தில் எல்லோரும் பாடினார்கள். எனக்கு வாய் மட்டும் அசைந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்கெல்பியில் நாரிஸே என்னிடம் வந்தார். வருகிற திங்கட்கிழமை விசாரணையாம். முன்பே ஓர் எச்சரிக்கை இருப்பதால் வேலை போனாலும் போகும். ஆனால் அவர் கேட்டது அதைப் பற்றி இல்லை.

"நான்தான் தப்பான கோடியில நின்னுட்டேன் போல. இந்தக் காலும் ஓட விடல. அந்தம்மா விருந்துக்குப் போய்ச் சேந்தாங்களா?"

இரவெல்லாம் மனதில் கட்டிவைத்த சமாதானங்களெல்லாம் உதிர்ந்தன.

"நீங்க சரியாத்தான் நின்னீங்க, நாரிஸ். பெட்டி பின்னால இருக்கறத நான்தான் சொல்லல. நீங்க ஓடியாறதப் பாத்துட்டேதான் மணி அடிச்சேன். யாரும் வரலன்னு பொய்யும் சொன்னேன்."

நாரிஸ் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"பேரையும் நீதான் குடுத்தியா?"

தலையாட்டினேன்.

"எழுத்தாவது சரியாச் சொன்னியா? அதை எல்லாரும் தப்பாத்தான் எழுதறானுங்க. போ, உன் வண்டி லேட்டாகுது."

அன்றே இரண்டு கம்பெனிக்கும் நடந்ததை எழுதினேன். எச்சரிக்கை என் பெயருக்கு வந்தது. நாரிஸின் விசாரணை நின்றது. வின் அம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அந்த மனுஷனைப் போய் எழுதிட்டேனே," என்றார். "ஒரு இஞ்சி கேக் சுட்டு ஸ்டேஷனுக்கு அனுப்பறேன். நீயே அவர் கையில குடு. வழியில தின்னுடாத."

நாரிஸ் அதைப் பேனாக்கத்தியால் வெட்டி, முதல் துண்டை எனக்கு நீட்டினார். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் தவறாமல் போன் செய்கிறேன். பெட்டி முன்னால் என்றால், "சரிப்பா" என்பார். ஆனால் ரயில் ஸ்கெல்பிக்குள் நுழையும்போது பார்த்தால், பலகையோடு பிளாட்பாரத்தின் நட்டநடுவில் நிற்பார். எந்தக் கோடிக்கும் நடக்கத் தோதாக.

அவர் நடந்து வந்து சேரும்வரை நான் மணியில் கை வைப்பதில்லை.