துள்ளுவலை

ஐந்து மணிக்கு எழும்பினேன். முகம் கழுவினேன். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தேன். சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன். துள்ளுவலையின் இருபத்துநான்கு கட்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

அதைக் கட்டியவள் என் மனைவி கிருசாந்தினி. யாழ்ப்பாணத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாகப் பயின்றபோது ட்ரம்போலின் படம் ஒன்றைப் பார்த்திருந்தாள். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து துணுக்காய்க்கு வந்தபின், தகப்பன் அல்பேர்ட்டின் பழைய மீன்வலையை நான்காக மடித்து, சைக்கிள் ரியூப்பால் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். விளையாட்டும் அவளுடையதுதான்; சொற்கள் எல்லாம் மீன் பெயர்கள். 'சூடை' என்றால் சின்னத் துள்ளல். 'பாரை' என்றால் உயரத் துள்ளல். 'திருக்கை' என்றால் வலையில் நிற்பவரும் சுற்றி நிற்பவர்களும் அந்த மீனைப்போலத் தட்டையாகக் குப்புற விழவேண்டும். கடைசியாக விழுபவர் அவுட். சொல்பவர் மட்டும் நின்று பார்ப்பார். அது விதி.

குண்டு போடப் பிளேன் வந்தாலும் அவள் 'திருக்கை' என்றுதான் கத்துவாள். பிள்ளைகள் அழாமல் விழுவார்கள்.

போன மாதம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்ததில் அவள் செத்தாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அவளுடைய வகுப்பை நான் எடுத்தேன். சூடை சொன்னேன், பாரை சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

நேற்று ஒட்டுசுட்டான் பக்கம் பிளேன் போனது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாஸ்ரர், அதைச் சொல்லிப் பழக்குங்கோ," என்றார் அதிபர் புனிதம் ரீச்சர். "மறந்து போச்சுதெண்டால் இதுகள் நிண்டபடியே சாகும்."

இன்று டக்சாயினி துள்ளிக்கொண்டிருந்தாள்.

"சூடை. பாரை. சூடை."

வானத்தை ஒருதரம் பார்த்தேன்.

"திருக்கை."

எல்லோரும் விழுந்தார்கள். நானும் விழுந்தேன்.

"ஐயோ சேர், நீங்கள் விழக்கூடாது!" டக்சாயினி வலையில் கிடந்தபடி சிரித்தாள். "ஆர் பிந்தினதெண்டு பிறகு ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை. இனிச் சொல்லுற ஆளும் விழவேணும்."

"கிருசாந்தினி ரீச்சர் விழமாட்டா."

"ஓம்," என்றேன்.

குண்டு விழுந்த அன்றைக்கு நான் வகுப்பறை வாசலில் குப்புறக் கிடந்தேன். இருபத்தொரு பிள்ளைகளும் விழுந்து கிடந்தார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவள் மட்டும் நின்றாள். 'திருக்கை' என்பதுதான் அவளுடைய கடைசிச் சொல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. ஜெனுசன் குப்புறக் கிடந்தபடி காலைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஜெனுசன், திருக்கைக்குக் கால் இல்லையடா. கீழ போடு."