சுறாவுக்கு என்ன வேண்டும்

அப்பாவின் மார்பு வரைக்கும் ஐஸை அள்ளிப் போட்டுவிட்டு ரஞ்சித் நிறுத்தினான். முகத்தில் போட மண்வெட்டி எழவில்லை. கையால் அள்ளிக் காதோரமாக வைத்து அழுத்தினான். விடிகாலையில் தூண்டில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த அப்பா கருணாகரன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. காசிமேடு போய்ச் சேர ஒன்றரை நாள் ஓட்டம். அதுவரை முகம் கெடக்கூடாது. அம்மா பார்க்க வேண்டும்.

மீன் அறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த சின்ன அறையில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். ரஞ்சித் மேலே ஏறி வந்தபோது மீன்பிடி போட்டின் ஓரத்தில் ஆட்கள் கூடி நின்றார்கள். எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துகினே கீதுடா," என்றார் டிரைவர் கோதண்டம். ரஞ்சித்தின் தாய்மாமன். "காலைல ஒன்னு. இப்ப மூனு."

சுறாக்கள். தூண்டிலில் மாட்டிய சூரை மீன்களின் உடம்பைத் தின்றுவிட்டு, தலைகளை மட்டும் மரியாதையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன.

"மச்சான் வாசம் புட்சிகிச்சு. பொணம் கீற போட்ட சுறா வுடாது. கூடவே வரும். முகத்துவாரம் வரைக்கும் வந்துச்சுன்னா? குப்பத்துப் புள்ளைங்க அங்கதான் குளிக்குதுங்க." கோதண்டத்தின் குரல் தாழ்ந்தது. "கடலு கேக்குது. மச்சானக் குட்துட்டுப் போய்டலாம்டா."

கோதண்டம் கெட்டவர் இல்லை. தங்கச்சி புருஷனின் கண்ணை மூடியதும் அவர்தான், வாய்விட்டு அழுததும் அவர்தான். பயம் அவரை அப்படிப் பேச வைத்தது. ரஞ்சித் கத்த வாயெடுத்தான். ஆனால் கத்தினால் தன் பக்கம் ஒருவன்கூட நிற்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

"கேக்கறது கடலில்ல மாமா, சுறா. அதுக்கு இன்னா வேணும்னு பாத்துட்டு அப்பால பேசலாம்."

"எப்டிப் பாப்ப? வாயத் தொறந்து கேப்பியா?"

ரஞ்சித் சமையல்காரர் முதஸ்ஸிரிடம் பம்பை நிறுத்தச் சொன்னான். மீன் அறையில் ஐஸ் உருகி, ரத்தம் கலந்து நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பு அது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற கொஞ்ச நேரத்தில் சுறாக்களின் வட்டம் பெரிதாகி, அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு ரஞ்சித் அதே தண்ணீரை ஒரு வாளி மொண்டு கடலில் ஊற்றினான்.

கழுகுக்கு மூக்கில் வேர்க்கும் என்பார்கள். சுறா கடலிலேயே கிடக்கிறது, வேர்த்தாலும் தெரியாது. நீரோட்டம் தெற்கே போய்க்கொண்டிருந்தது; மூன்றும் வாசம் போன வழியே, தெற்கிலிருந்தேதான் திரும்பி வந்தன. இருட்டில் சுவரைத் தடவி வருகிறவன் போல, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு வந்தன. மிதந்த தெர்மாகோல் துண்டை ஒன்று மூக்கால் இடித்துப் பார்த்துவிட்டு விலகியது. ரஞ்சித் ஒரு சூரைத் தலையை வீசினான். அதையும் இடித்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகுதான் கவ்வியது. அப்பா செத்த நாளில் இதை வேடிக்கை பார்க்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

"பாத்தியா மாமா? மீன் ரத்தம்தான்."

"அது மீன் தண்ணி. மச்சான் படுத்துகினு கீற தண்ணிய ஊத்து. அதுக்கும் வந்துச்சுன்னா வுட்டுடணும். வரலன்னா ஊட்டுக்கு இட்டுகினு போலாம். இன்னா சொல்ற?"

சரி என்று சொல்லிவிட்டான்.

சுறாக்கள் போகும்வரை காத்திருந்து, அப்பாவின் காலடியில் உருகி நின்ற தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தெற்கே ஒரு சுறாவின் முதுகுத் துடுப்பு தெரிந்தது. நேராக வந்து போட்டின் பக்கவாட்டில் இடித்தது.

"யா அல்லா," என்றார் முதஸ்ஸிர்.

ஜெயித்த முகம் கோதண்டத்துக்கு இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "போதும்டா ரஞ்சித்து. வுட்டுடு."

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ரஞ்சித் கீழே இறங்கினான். அப்பாவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். மீன் நாறியது. நகக்கண்ணில் இரை மீனின் ரத்தம், முழங்கையில் செதில்கள். சட்டை, சூரை ரத்தம் ஊறி விறைத்திருந்தது.

"மாமா!" என்று கத்தினான். "அது நைனாவுக்கு வரல! நைனா மேல கீற மீனுக்கு வந்துகீது! குளிப்பாட்டிட்டுப் பாக்கலாம் மாமா. எப்டியும் குளிப்பாட்டணும் இல்ல?"

அதை மட்டும் வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. குடிதண்ணீர்க் கேனை முதஸ்ஸிர் தானே உருட்டிக்கொண்டு வந்தார். "எங்கள்லயும் குளிப்பாட்டாம அனுப்ப மாட்டோம்," என்று தன் புதுச் சோப்பைப் பிரித்துக் கொடுத்தார்.

ரஞ்சித் தலையிலிருந்து கால்வரை ஊற்றித் தேய்த்தான். கோதண்டம் கருணாகரனின் கையை மடியில் வைத்துக்கொண்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு நகமாகத் தேய்த்து ரத்தத்தை எடுத்தார். "இந்தாள் உசுரோட இருந்தப்ப இவ்ளோ நேரம் குளிச்சதில்ல," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், அழுதுவிட்டார். சலவை லுங்கி கட்டி, அறையையும் கழுவி, மீன் படாத ஐஸில் படுக்க வைத்தார்கள். பழைய சட்டையைக் கோதண்டம் கடலில் விட்டார். ஒரு சுறா கவ்வி உதறியது, துப்பிவிட்டுப் போனது.

மறுபடியும் சுறாக்கள் விலகிப் போகக் காத்திருந்து, ஐஸ் உருகியதும் ரஞ்சித் அப்பாவின் காலடித் தண்ணீரை ஒரு வாளி ஊற்றினான். எல்லாரும் தெற்கே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. கோதண்டம் வாளியைப் பிடுங்கித் தானே இன்னொரு தடவை மொண்டு ஊற்றினார். வெயில் சாயும்வரை நின்றார். பிறகு போய் இன்ஜினைக் கிளப்பினார்.

எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரிந்ததும் போனில் சிக்னல் வந்தது; கோதண்டம் தங்கச்சிக்குச் சொன்னார். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா மங்கை, கடையை அப்படியே போட்டுவிட்டுக் காசிமேட்டுக்கு ஓடி வந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சமும் கெட்டிருக்கவில்லை. கையை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உள்ளங்கையைத் திருப்பி மோந்து பார்த்தாள். புறங்கையையும் மோந்து பார்த்தாள்.

"இன்னாண்ணே இது," என்றாள் கோதண்டத்திடம். "இவரு மேல சோப்பு வாசன வருது?"

கோதண்டம் ரஞ்சித்தைப் பார்த்தார். ரஞ்சித் கடலைப் பார்த்தான்.

மங்கை, செதில் ஒட்டி மீன் நாறிய தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் அந்தக் கையை வைத்து, மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.