ஸல்ஹாவின் கணினி ஓடிய நேரம்

அந்த ஸ்கிரிப்டை எழுதிய புண்ணியவான் நான்தான். துறைமுக வீதியிலுள்ள எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்தில் ஒவ்வொரு கணினியும் எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது, அதில் பதிவு மென்பொருள் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று தினமும் நான்கு மணிக்குக் கொழும்பு சேர்வரில் எழுதிவைக்கும். பழுது பார்க்க எழுதியது. மனேஜர் தாஹிர் அதை ஆட்களை அளக்க எடுத்துக்கொண்டார். குரங்கு கையில் பூமாலை.

"கூட நேரம் ஓடுற கொம்பியூட்டர்ல இருக்கிற ஆள்தான் கூட வேலை செய்றார், என்ன இராகுலன்?"

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். "ஓம் சேர்" என்றேன்.

அதன்பின் ரஞ்சன் தன் கணினியை நிறுத்துவதேயில்லை. தேத்தண்ணிக் கடையே கதியென்று கிடப்பவன், நாற்பது நாள் ஓட்டத்தோடு முதலிடம். கிண்ணியாவிலிருந்து வரும் ஸல்ஹா கடைசி. எல்லோரையும் விட அதிகம் பதிவு செய்பவள் அவள்தான். ஆனால் இடி முழங்கினால் வயரைக் கழற்றிவிடுவாள், வீட்டில் ரீவிக்குச் செய்வதுபோல. ஐப்பசியில் பின்னேரமானால் தவறாமல் இடி. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மாதக் கடைசி நாள் இரண்டு மணிக்கு வானம் இருண்டது. தாஹிர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் ஒருவரும் வயரில் கை வைக்கவில்லை. ஸல்ஹா மட்டும் குனிந்து இழுத்தாள்.

"வேலை போயிடும் பிள்ளை" என்றேன்.

"கொம்பியூட்டர் போனா செஞ்ச வேலையெல்லாம் போயிருமே அண்ணன்."

மூன்றாவது இடி எங்கள் தலையிலேயே விழுந்ததுபோல இருந்தது. ஒன்பது கணினிகள் கருகின. அவளுடையது தப்பியது. மழை விட்டதும் வயரை மாட்டி வேலையைத் தொடர்ந்தாள்.

நான்கு மணிக்குத் தாஹிர் கைபேசியில் பட்டியலைப் பார்த்தார். செத்த கணினிகளின் நேற்றைய எண்கள் அப்படியே இருந்தன. ரஞ்சன் நாற்பது நாள். ஸல்ஹா ஒரு மணி பதினொரு நிமிடம்.

"இராகுலன் அண்ணன், நீங்களாவது சேருக்குச் சொல்லுங்களேன்" என்றாள் ஸல்ஹா.

சொன்னால் என் ஸ்கிரிப்ட் குப்பை என்றாகும். அதைக் காட்டிக் கொழும்பில் நான் கேட்டிருக்கும் பதவியும் போகும். "அதில அப்பிடித்தானே காட்டுது, பிள்ளை" என்றேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் அந்த வசனத்தைச் சொல்லி முடித்தேன்.

தாஹிர் ஸல்ஹாவின் பணிநீக்கக் கடிதத்தைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். அதை அடிக்க அலுவலகத்தில் ஓடுகிற கணினி ஒன்றுதான் இருந்தது.

"மகள், இத ஒருக்கா அடிச்சுத் தாங்க."

ஸல்ஹா அடித்தாள். வாசித்துப் பார்த்து, திகதியைச் சரிசெய்து, தாஹிரின் மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். பிறகு கணினியை நிறுத்தக் கை நீட்டினாள்.

"ஓஃப் பண்ண வேணாம்" என்றார் தாஹிர். "ஓடட்டும். நாளைக்கு அதில ரஞ்சன் இருப்பார்."